அப்பா கட்டிலில், மவுஸ் கடையில்!



இந்த முறை சுவர் இதழுக்கு ஒரு அறிவியல் கட்டுரை எழுதச் சொன்னார்கள் டீச்சர். ராக்கெட் பற்றி எழுதலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். ராக்கெட்டை நானும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்ததில்லை. அதனால் எங்கள் வீட்டில் நானே செய்து, நாலு தடவை தப்பாகி, கடைசியில் சரியாக வந்த ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காராமலே, வீட்டில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து அதை இயக்குவது எப்படி? இதுதான் விஷயம். இதற்கு ரிமோட் டெஸ்க்டாப் என்று பெயர்.

தூரத்திலிருந்து இயக்குவது நம் ஊருக்குப் புதிது இல்லை. 2025-ம் வருடம் ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தார்கள். 15-ம் தேதி கல்லணையைத் திறந்தார்கள். எங்கேயோ மதகைத் தூக்கினால் இங்கே நம் வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. என் பெரியப்பா வயல் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார். அதற்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்துகொண்டு போன் போட்டால் வயலில் மோட்டார் ஓடும். ராத்திரி பாம்புக்குப் பயந்துகொண்டு வரப்பில் போக வேண்டாம். ஆனால் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம், அவ்வளவுதான். தண்ணீர் எந்தப் பாத்தியில் பாய்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. ரிமோட் டெஸ்க்டாப்பில் பார்க்கவும் முடியும், கை நீட்டி வேலை செய்யவும் முடியும். வித்தியாசம் அங்கேதான்.

சரி, எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டின் முன் அறையில் அப்பா பொது சேவை மையம் வைத்திருக்கிறார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பெஞ்சு. அவ்வளவுதான் இடம். சம்பா பயிருக்கு இன்சூரன்ஸ் பதிய வருகிறவர்கள் சிட்டா, அடங்கல், ஆதார் நகல், பாஸ்புக் நகல் எல்லாம் கொண்டு வருவார்கள். காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் விவசாயி கட்ட வேண்டும். மழையில் பயிர் போனால் அந்த ரசீதுதான் கையில் இருக்கும். நம் பக்கம் சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் 15 என்று கெடு வைப்பார்கள். சில வருடம் நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் நீட்டிப்பார்கள் என்று நம்பி யாரும் சும்மா இருக்க முடியாது. அந்தக் கடைசி பத்து நாள் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது.

போன வருடம் சரியாக அந்த நேரத்தில், ஐப்பசி மழையில் நாற்றங்கால் பார்க்கப் போன அப்பா வரப்பில் வழுக்கி விழுந்துவிட்டார். இடது காலில் எலும்பு முறிவு. தஞ்சாவூரில் மாவுக்கட்டு போட்டார்கள். காலைத் தொங்கவிடவே கூடாது, ஆறு வாரம் கட்டிலில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கடையில் கட்டில் போட இடம் இல்லை. கட்டிலைப் போட்டால் ஆள் வர முடியாது!

"நீங்க பாஸ்வேர்டு சொல்லுங்கப்பா, நான் பதியறேன்" என்று கேட்டேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அது எம் பேர்ல குடுத்த லாகின். ஒரு சர்வே நம்பர் தப்பாப் போட்டுட்டா அவங்க பயிருக்குப் பணம் வராது பாப்பா. தப்பு வந்தா நாந்தான் பதில் சொல்லணும்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். எனக்கு அப்போது கொஞ்சம் கோபம் வந்தது. இப்போது இல்லை.

கூடத்தில் அக்காவின் பழைய லேப்டாப் இருந்தது. அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. இந்த இலவச லேப்டாப் திட்டம் 2011-ல் தொடங்கியது. எல்காட் நிறுவனம் மொத்தமாக வாங்கிக் கொடுத்தது. நம் ஊரில் நிறைய வீட்டில் இது பரண்மேல் இருக்கிறது. எங்கள் லேப்டாப்பில் பேட்டரி செத்துவிட்டது. ஒயரைப் பிடுங்கினால் உடனே அணைந்துவிடும். மெதுவாகத்தான் ஓடும். அதிலேயே இன்சூரன்ஸ் பதியலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஸ்கேனரும் பிரின்டரும் முன் அறையில், அந்தக் கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கின்றன. ஸ்கேன் பண்ணின காகிதம் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. லேப்டாப்பில் இரண்டு பக்கம் திறந்தாலே நின்றுவிடும்.

ஆனால் ரிமோட் டெஸ்க்டாப்புக்குப் பழைய லேப்டாப் போதும்! ஏனென்றால் வேலை எல்லாம் முன் அறைக் கம்ப்யூட்டர்தான் செய்கிறது. லேப்டாப் வெறும் ஜன்னல். ஜன்னல் பழசாக இருந்தால் என்ன, தெரு தெரிந்தால் சரி.

இது எப்படி வேலை செய்கிறது?

கடைக் கம்ப்யூட்டர் தன் திரையில் தெரியும் படத்தை லேப்டாப்புக்கு அனுப்புகிறது. லேப்டாப் நாம் மவுஸை எங்கே நகர்த்தினோம், எந்த எழுத்தை அழுத்தினோம் என்பதைத் திருப்பி அனுப்புகிறது. படம் இந்தப் பக்கம் வருகிறது, விரல் அந்தப் பக்கம் போகிறது. இவ்வளவுதான்.

இதில் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். எங்கள் திரையில் குறுக்கே 1,366 புள்ளி, நெடுக்கே 768 புள்ளி. பெருக்கினால் 10,49,088 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்ல 3 பைட் வேண்டும். அப்படியானால் ஒரே ஒரு படத்துக்கு 31 லட்சம் பைட்டுக்கு மேல்! ஒரு நொடிக்குப் பத்து இருபது படம் அனுப்ப வேண்டும் என்றால் எவ்வளவு ஆகும்? ஆனால் அப்படி முழுப் படத்தையும் அனுப்புவதில்லை. எந்த இடம் மாறியதோ அந்தக் கட்டத்தை மட்டும்தான் அனுப்பும். மார்கழிக் கோலத்தில் ஒரு இதழை ஆடு மிதித்துவிட்டால் அம்மா அந்த இதழை மட்டும்தான் திருத்துவார்கள், கோலம் முழுவதையும் பெருக்கிவிட்டுத் திரும்பப் போட மாட்டார்கள் அல்லவா? அதே மாதிரிதான். அனுப்பும் கட்டத்தையும் சுருக்கித்தான் அனுப்பும். அதனால்தான் ஒரு பெட்டியில் எழுத்து அடிக்கும்போது வேகமாக இருக்கிறது, வீடியோ ஓடவிட்டால் திக்குகிறது. வீடியோவில் எல்லாக் கட்டமும் மாறிக்கொண்டே இருக்கிறதே!

இந்த முறைக்கு விஎன்சி என்று பெயர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் என்ற ஊரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் 1990-களின் கடைசியில் இதைச் செய்து எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். அதே ஊரில், பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் துறையில், 1991-ல் ஒரு வேடிக்கை நடந்தது. காபி இருக்கும் பாத்திரம் ஓர் அறையில், ஆட்கள் வேறு அறைகளில். ஆசையாகப் போய்ப் பார்த்தால் காபி தீர்ந்திருக்கும். அதனால் காபிப் பாத்திரத்துக்கு எதிரே ஒரு கேமரா வைத்து, அதன் படத்தை அவரவர் கம்ப்யூட்டரில் தெரிய வைத்தார்களாம். எழுந்து போகச் சோம்பல்பட்டவர்களால் எவ்வளவு நன்மை பாருங்கள்!

விண்டோஸிலேயே ரிமோட் டெஸ்க்டாப் என்று ஒன்று கூடவே வருகிறது. நான் முதலில் அதைத்தான் தேடினேன். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு என்று வரும் ஹோம் பதிப்பில், வெளியிலிருந்து உள்ளே வர விடும் வசதி இல்லை. புரொபஷனல் பதிப்பு வேண்டும். எங்களுடையது ஹோம். அது நல்லதாகத்தான் போயிற்று. ஏனென்றால் விண்டோஸ் முறையில் நாம் உள்ளே போனதும் அங்கே இருக்கும் திரை பூட்டிக்கொள்ளும். விஎன்சி-யில் இரண்டு பக்கமும் ஒரே திரை தெரியும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் தன் பெயரும் சர்வே நம்பரும் சரியாக ஏறுகிறதா என்று தானே பார்க்கலாம். எங்களுக்கு அதுதானே வேண்டும். டைட்விஎன்சி என்ற இலவச மென்பொருளைப் போட்டேன்.

வீட்டுக்குள்ளே ஒரு தெரு

இனிமேல்தான் முக்கியமானது. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றை எப்படிக் கண்டுபிடிக்கும்? விலாசம் வேண்டும்.

எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு வந்து ஒரு ரவுட்டரில் சேர்கிறது. ரவுட்டரைக் கல்லணை என்று வைத்துக்கொள்ளுங்கள். வருவது ஒரே காவிரி. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து விடுகிறார்கள். அதே போல ரவுட்டர் கடைக் கம்ப்யூட்டருக்கு ஒயர் மூலமும், லேப்டாப்புக்கும் போனுக்கும் வைஃபை மூலமும் பிரித்து விடுகிறது. பிரிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு எண் கொடுக்கிறது. அதுதான் ஐபி முகவரி. கடைக் கம்ப்யூட்டருக்கு 192.168.1.5 என்று வந்தது. இதைப் பார்க்க, கருப்புத் திரையை (கமாண்ட் பிராம்ப்ட்) திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் போதும்.

192.168 என்று தொடங்கும் எண்களை வீட்டுக்குள், ஆபீசுக்குள் வைத்துக்கொள்வதற்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். அதனால் உங்கள் வீட்டிலும் 192.168.1.5 இருக்கலாம், எங்கள் வீட்டிலும் இருக்கலாம். எல்லா ஊரிலும் மேலத்தெரு இருக்கிறது, எல்லா மேலத்தெருவிலும் 5-ம் நம்பர் வீடு இருக்கிறது. அந்தந்த ஊருக்குள் குழப்பம் இல்லையே! வெளியூரிலிருந்து ஒருவர் வெறுமனே 'மேலத்தெரு 5' என்று எழுதினால் கடிதம் வந்து சேராது. அதே போல இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வெளியிலிருந்து யாரும் நேராக உள்ளே வந்துவிட முடியாது.

விலாசம் மட்டும் போதாது, எந்த வாசல் என்றும் தெரிய வேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு 65,535 வரை எண் போட்ட வாசல்கள் உண்டு. போர்ட் என்பார்கள். வாய்க்காலில் மடை மாதிரி. விஎன்சி-யின் மடை 5900. கடைக் கம்ப்யூட்டரில் டைட்விஎன்சி சர்வரைப் போட்டு, ஒரு பாஸ்வேர்டு வைத்தேன். லேப்டாப்பில் வியூவரைப் போட்டு 192.168.1.5 என்று அடித்தேன்.

வரவில்லை!

முதல் தப்பு: லேப்டாப் எங்கள் வைஃபையிலேயே இல்லை. அக்கா ஊருக்கு வந்திருந்தபோது தன் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருந்தது. லேப்டாப்பின் எண்ணைப் பார்த்தால் 192.168.43 என்று ஆரம்பிக்கிறது. மூன்றாவது எண் மாறிவிட்டது. அதாவது அது வேறு தெருவில் நிற்கிறது! இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. இதைப் படிக்கும் உங்களுக்கு ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

வைஃபையை மாற்றிவிட்டு 'பிங்' அடித்துப் பார்த்தேன். பிங் என்பது அடுத்த வீட்டு வாசலில் நின்று "அக்கோவ்" என்று கூப்பிடுவது. ஆள் இருந்தால் "ஓய்" என்று பதில் வரும். வரவில்லை. கடைக் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருந்தது. அதாவது அது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்கவில்லை. அதை 'பிரைவேட்' என்று மாற்றி, கோப்பு-பிரின்டர் பகிர்வுக்கும் அனுமதி கொடுத்ததும் பதில் வந்தது. ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துவிட்டால் எல்லாம் வேலை செய்யும் என்று ஒரு அண்ணன் சொன்னார். அணைக்காதீர்கள். ஒரு மடையைத் திறப்பதற்காக யாராவது கரையையே வெட்டுவார்களா?

அதற்குப் பிறகு வியூவரில் பாஸ்வேர்டு போட்டேன். கடையின் திரை அப்படியே லேப்டாப்பில் வந்து நின்றது. நான் மவுஸை நகர்த்தினேன். முன் அறையிலிருந்து அம்மா கத்தினார்கள். "ஏய், இங்க தானா நகருதுடி!" எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, தலையணையில் சாய்ந்து, ஒரே ஒரு விரலால் மெதுவாக லாகின் பக்கத்தைத் திறந்தார்.

மறுநாள் மூன்றாவது தப்பு தெரிந்தது. கூட்டம் இல்லாத அரை மணி நேரத்தில் கடைக் கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது. தூங்குகிற கம்ப்யூட்டர் கதவைத் திறக்காது. பவர் செட்டிங்கில் 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' என்று மாற்ற வேண்டும். திரை மட்டும் அணைந்தால் பரவாயில்லை.

நான்காவது தப்பு நவம்பர் 12-ம் தேதி, வாசலில் பதினெட்டு பேர் நிற்கும்போது நடந்தது. கரண்ட் போய் வந்தது. ரவுட்டரும் அணைந்து எழுந்தது. எழுந்ததும் எல்லாருக்கும் புதிதாகக் கதவு எண் கொடுத்துவிட்டது! கடைக் கம்ப்யூட்டர் 5-லிருந்து 7 ஆகிவிட்டது. அப்பா 5-க்கே முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறார், நான் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். அம்மா பள்ளிக்கே போன் பண்ணிவிட்டார்கள். மத்தியான இடைவேளையில் டீச்சர் போனில் நான் அம்மாவிடம் கருப்புத் திரையைத் திறக்கச் சொல்லி, எழுத்துக் கூட்டி அடிக்கச் சொல்லி, எண்ணைப் படிக்கச் சொன்னேன். "நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு, புள்ளி..." என்று அம்மா படித்தது எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. அன்று சாயங்காலமே ரவுட்டருக்குள் போய், கடைக் கம்ப்யூட்டருக்கு எப்போதும் 5-தான் என்று நிரந்தரமாக ஒதுக்கிவிட்டேன். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் வலைக் கார்டுக்கும் மாக் எண் என்று ஒன்று பிறக்கும்போதே உண்டு. அதைப் பார்த்துத்தான் ரவுட்டர் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். பிறகு பழைய பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர் ஒயரும் ரவுட்டருக்கு இழுத்தோம்.

இன்னொன்று. இதற்கு இன்டர்நெட்டே தேவையில்லை! ஒரு நாள் டிராக்டர் மோதி ரோட்டோரக் கம்பத்தில் ஃபைபர் ஒயர் அறுந்துவிட்டது. இன்சூரன்ஸ் பக்கம் திறக்கவில்லை. ஆனால் லேப்டாப்பில் கடைத் திரை வழக்கம்போலத் தெரிந்தது. வெளி ஆறு நின்றாலும் வீட்டுக் குளத்தில் தண்ணீர் இருக்கிறதே. அன்று அப்பா கட்டிலில் இருந்தபடியே நாலு பேருக்கு மனு டைப் அடித்துக் கொடுத்தார்.

எங்கள் கடை நடந்த விதம் இதுதான்: அம்மா காகிதத்தை வாங்கி ஸ்கேனரில் வைப்பார்கள். அப்பா உள்ளேயிருந்து ஸ்கேன் செய்து, பார்த்துப் பதிவார். சந்தேகம் இருந்தால் உள்ளேயிருந்தே, "மாமா, அடங்கல்ல ரெண்டு சர்வே நம்பர் இருக்கு, ரெண்டுக்குமா?" என்று குரல் கொடுப்பார். பிரின்டரில் ரசீது வந்ததும் "பாப்பா, பேப்பர் எடு!" என்பார். நான் இருந்தால் ஓடுவேன்.

வந்தவர்கள் முதலில் பயந்தார்கள். ஆளே இல்லாத நாற்காலி, மவுஸ் அம்பு தானாக ஓடுகிறது, எழுத்து தானாக விழுகிறது! அப்பாயி எல்லாரிடமும் "எம் மவன்தான் உள்ளேருந்து பண்றான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் பேய்க் கம்ப்யூட்டர் என்று பார்க்க வந்தார்கள்.

ஒரு தாத்தா மட்டும் சிரிக்கவில்லை.

பக்கத்து ஊர்க்காரர். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. பிறகு அம்மாவிடம் மெதுவாக, "இதே மாதிரிதாம்மா எம் போன்லயும் தானா நகந்துச்சு" என்றார்.

குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் பேங்க் கணக்கில் ஏறியிருந்த சமயம் அவருக்கு ஒரு போன் வந்திருக்கிறது. "கேஒய்சி முடியலை, கணக்கு நிறுத்தியாச்சு, நெல்லுப் பணம் எடுக்க முடியாது" என்று நல்ல தமிழில் ஒருவன் பேசியிருக்கிறான். ஒரு ஆப் போடச் சொல்லியிருக்கிறான். அது திறந்ததும் வரும் எண்ணைப் படிக்கச் சொல்லியிருக்கிறான். தாத்தா பேரனிடம் கொடுத்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். 'அனுமதி' என்பதைத் தொடச் சொன்னான், தொட்டார். போன் தானாக நகர்ந்தது. 18,500 ரூபாய் போய்விட்டது. வீட்டில் திட்டுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அறுவடைக் கூலி பாக்கி என்று ஊரில் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறார்.

அப்பா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரைக் கூப்பிட்டு, தாத்தாவைக் கட்டில் பக்கத்திலேயே உட்கார வைத்தார். 1930 என்ற எண்ணுக்குப் போன் போட்டார். இது இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். பணம் போன உடனே, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கூப்பிட்டால் அந்தப் பணம் கை மாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். தாத்தாவுக்கு அப்போது பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. இருந்தாலும் மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் ஏற்றினோம். அந்தப் புகாரையும் அப்பா கட்டிலிலிருந்து அதே லேப்டாப் மூலமாகத்தான் கடைக் கம்ப்யூட்டரில் டைப் அடித்தார்.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் ஏதோ புதுசு கண்டுபிடித்த மாதிரி குதித்துக்கொண்டிருந்தேன். அந்தத் திருடன் பண்ணியதும் இதேதான்! படம் அந்தப் பக்கம் போகிறது, விரல் இந்தப் பக்கம் வருகிறது. ஆனால் ஒரு வித்தியாசம். எங்கள் மடை வீட்டுக்குள் மட்டும் திறக்கிறது. அந்த மாதிரி ஆப் இன்டர்நெட்டில் நடுவே ஒரு சர்வரை வைத்து, இரண்டு பக்கத்தையும் கோர்த்துவிடுகிறது. அது காட்டும் ஒன்பது, பத்து இலக்க எண்தான் நம் விலாசம். மேலத்தெரு 5 இல்லை, உலகத்தில் எங்கிருந்தாலும் வந்து சேரும் முழு விலாசம். அதைப் படித்துச் சொல்லி, அனுமதியையும் தொட்டுவிட்டால் நம் போனை அவன் மடியில் வைத்த மாதிரி. ஓடிபி மெசேஜ் வந்தாலும் நாம் சொல்லவே வேண்டாம், அவனே திரையில் படித்துக்கொள்வான்.

அந்த ஆப்கள் கெட்டவை இல்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர்கள் தினமும் பயன்படுத்துவதுதான். நம் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்த ஸ்ரீதர் வேம்பு, மற்றவர்களோடு சேர்ந்து 1996-ல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம், வலைப்பின்னலில் உள்ள கருவிகளை ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் மென்பொருளைத்தான் முதலில் செய்தது. 2009-ல் அதன் பெயர் ஸோஹோ ஆனது. இன்று அவர்களிடமும் ஸோஹோ அசிஸ்ட் என்று தூரத்துக் கம்ப்யூட்டரைச் சரிசெய்யும் மென்பொருள் இருக்கிறது. தென்காசி பக்கம் மத்தளம்பாறை என்ற கிராமத்திலும் அவர்கள் ஆபீஸ் உண்டு. நல்ல கத்தி கறிகாயும் நறுக்கும். ஆனால் போனில் கூப்பிட்டு ஆப் போடச் சொல்கிறவன் எவனாக இருந்தாலும் எண்ணைச் சொல்லக் கூடாது. எந்த பேங்கும் இப்படிக் கேட்காது. ரிசர்வ் வங்கி 2019-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. நம் தாத்தா பாட்டிகளுக்குத்தான் அது போய்ச் சேரவில்லை. வீட்டில் இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள். தப்பித்தவறி அனுமதி கொடுத்துவிட்டால், முதலில் நெட்டை அணைக்க வேண்டும். படமும் போகாது, விரலும் வராது. பிறகு உடனே 1930.

அதற்குப் பிறகு நான் எங்கள் ஏற்பாட்டையும் திரும்பச் சோதித்தேன். அப்போதுதான் ஒரு அதிர்ச்சி! நான் பன்னிரண்டு எழுத்தில் பாஸ்வேர்டு வைத்திருந்தேன். தம்பி கடைசி எழுத்துகளைத் தப்பாக அடித்தான். திறந்துகொண்டது! பழைய விஎன்சி முறையில் முதல் எட்டு எழுத்தை மட்டும்தான் பார்க்குமாம். மீதி எழுத்து எல்லாம் சும்மா அலங்காரம். அதனால் முதல் எட்டு எழுத்திலேயே எண்ணும் குறியும் கலந்து மாற்றினேன். எங்கள் வைஃபை பாஸ்வேர்டு தெரு முழுவதும் தெரிந்திருந்தது, அதையும் மாற்றினேன் (இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை). டைட்விஎன்சி-யில் நாம் பார்க்கும் படமும் அடிக்கும் எழுத்தும் பூட்டுப் போடாமல்தான் போகின்றன. அதனால் 5900 மடையை ரவுட்டர் வழியாக வெளி உலகத்துக்குத் திறந்துவிடவே கூடாது. வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மட்டும்தான் இது.

நவம்பர் 15 ராத்திரி பத்து மணிக்கு வாசலில் யாரும் இல்லை. வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ரசீது கொடுத்தாயிற்று. பிரின்டரில் மை தீர்ந்து, கடைசி ரசீது வெளிர் எழுத்தில் வந்தது.

தாத்தாவின் பணம் இன்னும் வரவில்லை. வாரா வாரம் வெள்ளிக்கிழமை வந்து பெஞ்சில் உட்காருவார். புகார் எண்ணைப் போட்டுப் பார்த்துச் சொல்வோம். அவர் பேரன் இப்போது தெரியாத நம்பர் வந்தால் போனைத் தாத்தாவிடம் கொடுப்பதே இல்லையாம்.

அப்பாவுக்கு மார்கழி பிறந்ததும் கட்டைப் பிரித்தார்கள். கோலை ஊன்றிக்கொண்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று சாயங்காலமே கடைக் கம்ப்யூட்டரில் டைட்விஎன்சி-யை நிறுத்திவிட்டேன். தேவைப்பட்டால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். முதல் ஆளுக்குச் சான்றிதழ் பிரின்ட் கொடுத்துவிட்டு அப்பா பழக்கத்தில் வீடே அதிரக் கத்தினார், "பாப்பா, பேப்பர் எடு!" பிரின்டர் அவர் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

(உங்கள் வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இரண்டு கம்ப்யூட்டரின் ஐபி எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு சனிக்கிழமை என்னிடம் வாருங்கள். மூன்றாவது எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்!)

— ஒன்பதாம் வகுப்பு மாணவி